பெயர் சொல்லும் முன் ஜோடி சேர்க்கட்டும்

மழலைக் கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயதாகிறது. நிறங்களைக் கற்றுக்கொடுப்பதற்காகப் பன்னிரண்டு நிறக் கட்டைகள் அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினோம். எந்தக் கட்டையைக் காட்டி “இது என்ன கலர்?” என்று கேட்டாலும் “ரெட்டு” என்றே சொல்கிறான். எதிர் வீட்டுப் பெண் குழந்தை அவனைவிடச் சிறியவள். ஏழெட்டு நிறங்களைச் சொல்கிறாள். இவனுக்கு நிறம் தெரியவில்லையா, கவனம் போதவில்லையா?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நிறங்களைக் கண்ணால் பிரித்தறிவது வேறு. ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. முதலாவது கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டாவது பல குழந்தைகளுக்கு மூன்று வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் நிலைப்படுகிறது. “என்ன கலர்?” என்று கேட்டால் ஒரு நிறத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் மகனுக்குப் புரிந்திருக்கிறது, எந்தப் பெயர் எதற்கு என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. எதிர் வீட்டுக் குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சில வாரங்களுக்குக் கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டு, ஜோடி சேர்க்கும் வேலையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பன்னிரண்டு நிறங்கள் வேண்டியதில்லை. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி வகுத்த முதல் நிறப்பெட்டியில் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களில் நிறத்துக்கு இரண்டாக மொத்தம் 6 பலகைகளே உண்டு. இரண்டாவது பெட்டியில் 11 ஜோடிகள். மூன்றாவதில் 9 நிறங்கள், ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிறல் வரை 7 சாயல்கள், ஆக 63 பலகைகள். எண்ணிக்கையைவிட இதில் கவனிக்க வேண்டியது, எல்லாப் பலகைகளும் அளவிலும் வடிவத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான். கடைப் பெட்டிகளில் பெரும்பாலும் சிவப்பு முக்கோணமாகவும் நீலம் சதுரமாகவும் இருப்பதால், எதை வைத்துச் சேர்ப்பது என்பதே குழந்தைக்குக் குழப்பமாகிவிடுகிறது.

பலகைகளுக்காக நீங்கள் செலவு செய்ய வேண்டாம். தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத் துணி தருவார். மூன்று நிறங்களில் உள்ளங்கை அளவுக்கு இரண்டிரண்டு சதுரங்களாக வெட்டிக்கொண்டால் போதும். புடவையைக் கையோடு எடுத்துப்போய் மேட்சிங் பிளவுஸ் வாங்கும்போது நாமும் நிறத்தின் பெயரைச் சொல்லியா எடுக்கிறோம்? துணியோடு துணியை வைத்துத்தான் பார்க்கிறோம். குழந்தையும் அப்படியே செய்யட்டும். பாயில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் அவனுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். துணிகளைக் கலந்து பரப்பி, சிவப்பு ஒன்றை எடுத்துத் தனியே வையுங்கள். மற்றத் துணிகளை ஒவ்வொன்றாக அதன் அருகே கொண்டுபோய், பொருந்தாதவற்றைத் திருப்பி வைத்து, பொருந்தியதும் இரண்டையும் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து வையுங்கள். இதைச் செய்யும்போது பேச வேண்டாம். பேசினால் குழந்தை உங்கள் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அடுத்த நிறத்தை அவனிடம் விட்டுவிடுங்கள். தவறாகச் சேர்த்தாலும் திருத்தாமல் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மீண்டும் செய்து காட்டுங்கள்.

தடுமாறாமல் சேர்க்கத் தொடங்கிய பிறகு பெயருக்குப் போகலாம். பிரெஞ்சு மருத்துவர் செகன் கையாண்டு மாண்டிசோரி ஏற்றுக்கொண்ட மூன்று படி முறை இதற்கு ஏற்றது. முதலில் “இது சிவப்பு, இது நீலம்” என்று நீங்களே சொல்வது, பிறகு “சிவப்பை என் கையில் கொடு, நீலத்தைத் தலையணை மேல் வை” என்று ஏவுவது, கடைசியில்தான் “இது என்ன?” என்று கேட்பது. நடுவிலுள்ள படிதான் நீளமானது, குழந்தைக்கு அதில்தான் குதூகலமும் அதிகம். அதைத் தாண்டிக் குதித்து மூன்றாவதில் போய் நிற்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

கேள்வி: பேத்திக்கு மூன்று வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் பகல் முழுவதும் எங்களுடன்தான் இருக்கிறாள். மாண்டிசோரி சாமான்களின் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வீட்டில் உள்ளதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக. உங்கள் வீட்டுச் சமையலறையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள் ஐந்தாறு இருக்குமே, அவையே போதும். மாண்டிசோரி சாமான்களில் குமிழ் வைத்த உருளைகள் என்று ஒன்று உண்டு: நான்கு மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் 10 குழிகள், அந்தக் குழிகளுக்கு ஏற்ற 10 உருளைகள். பெரிய உருளை சிறிய குழிக்குள் இறங்காது. சிறியதைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நின்றுவிடும். தவறு எங்கே என்று யாரும் சொல்லாமலே குழந்தை கண்டுகொள்ளும். டப்பாவும் மூடியும் இதே வேலையைச் செய்கின்றன. நன்றாக வேறுபடும் மூன்று அளவுகளில் தொடங்கி, பிறகு கிட்டத்தட்ட ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள். மூடி விளிம்பில் உட்காராமல் ஒருபுறம் தூக்கிக்கொண்டு நிற்பதும், சரியான மூடி ‘டக்’கென்று அமர்வதும் எந்தப் பாராட்டைவிடவும் நல்ல ஆசிரியர்கள். “தப்பு, தப்பு” என்று சொல்லும் பாட்டியைச் சற்றே அடக்கி வைப்பது மட்டும் உங்கள் பொறுப்பு!

காதுக்கும் விரலுக்கும்கூட ஜோடி சேர்க்கலாம். உள்ளே இருப்பது தெரியாத ஒரே மாதிரியான ஆறு சிறு டப்பாக்களை எடுத்து, இரண்டில் ரவை, இரண்டில் துவரம் பருப்பு, இரண்டில் கொண்டைக்கடலை என்று போட்டு, திறக்க முடியாதபடி டேப் ஒட்டிவிடுங்கள். குலுக்கிக் கேட்டு ஜோடி சேர்க்கட்டும். காய்ந்து வரும் துணிகளில் சாக்ஸ் ஜோடி, வாசலில் செருப்பு ஜோடி ஆகியவை தினமும் கிடைக்கும் வேலைகள். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு டம்ளர் என்று வைக்கச் சொல்வதை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். ஒன்றுக்கு ஒன்று என்ற அந்தப் பொருத்தம்தான் எண்ணுவதற்கு அடித்தளம். ஒன்று முதல் ஐம்பது வரை ஒப்பிக்கும் குழந்தை நான்கு பேருக்கு ஐந்து டம்ளர் வைத்தால், அது இன்னும் எண்ணக் கற்கவில்லை.

நீங்கள் மயங்கிய அந்தச் சாமான்களுக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1939இல் மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார்.

கேள்வி: நான்கு வயது மகளுக்காகப் புளியங்கொட்டை, மஞ்சாடி, குன்றிமணி, பொத்தான் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றரை வயதுத் தம்பியும் உடன் விளையாடுகிறான். பரவாயில்லையா?
– வாசகி, தென்காசி

பதில்: குன்றிமணியை இன்றே வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் அந்தக் கருமூக்குச் சிவப்பு விதையில் ஏப்ரின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, கோப்பதற்காகத் துளையிட்ட மணியாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. எப்படி விழுங்கியிருந்தாலும் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவை மூத்தவளுக்கு மட்டும், அதுவும் தம்பி தூங்கும் நேரத்தில், உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் உருளையின் வாய் 3.17 செ.மீ. அகலம், அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் அந்த வயதுக்கு உதவாது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 2.7 செ.மீ.தான் என்பதை வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிலக்கடலையும் பயறு வகைகளும் மூச்சுக்குழாயில் போனால் ஈரத்தில் ஊறிப் பெருக்கவும் செய்யும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமத் தொடங்கி, பிறகு இழுப்போ சத்தமோ நீடித்தால், சளி என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: நர்சரிப் பள்ளி ஆசிரியை நான். எல்.கே.ஜி. பயிற்சி நூலில் கோடு போட்டுப் பொருத்தும் பக்கங்கள் நிறைய உள்ளன. அவற்றைச் செய்துவிட்டால் போதாதா? தமிழ் எழுத்துகளுக்கும் ஜோடி சேர்க்கும் முறை உதவுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கோடு போடும் பக்கம் தெரிந்ததைச் சோதிக்கும், தெரியாததைக் கற்றுத்தராது. பந்துக்கும் மட்டைக்கும் கோடு போடும் குழந்தைக்கு, பென்சிலை இடறாமல் ஓட்டுவதும் நடுவில் குறுக்கிடும் கோட்டைத் தாண்டுவதுமே பெரிய வேலையாகிவிடுகிறது. அட்டையாக இருந்தால் எடுத்து அருகில் வைத்து, பிடிக்காவிட்டால் மாற்றி வைக்கலாம்; போட்ட கோட்டை மாற்ற அழிப்பான் வேண்டும், அழித்தது ஆசிரியைக்குத் தெரியும் என்ற பயமும் வந்துவிடும். முதலில் பொருளுக்குப் பொருள், பிறகு பொருளுக்குப் படம், பிறகு படத்துக்கு அதன் நிழலுருவம் என்று அட்டைகளில் நடத்தி முடித்துவிட்டு, அந்தப் பக்கங்களைக் கடைசியில் கொடுங்கள்.

எழுத்துகளுக்கு மிகவும் உதவும். தொடக்கத்தில் அ, ட, ஓ போலத் தோற்றத்தில் தொலைவான எழுத்துகளை மட்டும் இரண்டிரண்டு அட்டைகளாகக் கொடுங்கள். அடுத்தது ட, ப, ம: ‘ட’வின் வலப்பக்கம் ஒரு சுவர் எழுப்பினால் ‘ப’, அந்தச் சுவர் வளைந்தால் ‘ம’. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு இந்த வேறுபாடு தானே தட்டுப்படும். எ–ஏ, ஒ–ஓ, இரண்டு சுழி ன–மூன்று சுழி ண ஆகியவற்றைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் ஒரு தடித்த கோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிக் குழந்தைகள் எழுத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தேடும். ல, ள, ழ வேறுபாட்டை அட்டையில் தேடாதீர்கள். அது காதுக்கும் நாக்குக்கும் உரிய பாடம்.

கேள்வி: நான்கரை வயது மகன் மற்ற நிறங்களைச் சரியாகச் சேர்க்கிறான், சிவப்பையும் பச்சையையும் மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறான். விளையாட்டுக்குச் செய்கிறானா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பெயரில் தடுமாறுவதை நான் பொருட்படுத்த மாட்டேன்; இந்த வயதில் சேர்ப்பதிலேயே, அதுவும் இந்த இரண்டில் மட்டும், திரும்பத் திரும்பத் தடுமாறினால் கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத குறை பிறவியில் வருவது. எக்ஸ் குரோமோசோம் வழியாகக் கடத்தப்படுவதால் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தாயின் தந்தைக்கு இப்படி இருந்ததா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். எண்களைப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கென்று உருவங்களும் வளைகோடுகளும் கொண்ட சோதனை அட்டைகள் உண்டு. குறை உறுதியானால் வகுப்பாசிரியையிடம் அவசியம் சொல்லுங்கள். வண்ணம் தீட்டும் நேரத்தில் கிரேயான்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுவதும், கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸைத் தவிர்ப்பதும் அவரால் எளிதில் முடியும்.