வாசகர் கேள்வி–பதில்: மொனார்க் முட்டை எந்த இலையில்?

கேள்வி: தோட்டத்து மில்க்வீட் செடிக்கு மொனார்க் வண்ணத்துப்பூச்சி அடிக்கடி வந்து போகிறது. இலைகளைப் புரட்டினால் ஒன்றும் தென்படவில்லை. முட்டையிட்டதா, தேன் குடித்ததா?

பதில்: பூவில் உட்கார்ந்தால் தேனுக்கு. இலையில் உட்கார்ந்தால் உற்றுப் பாருங்கள். பெண் பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும்; அதற்குச் சுவை தெரிவது கால்களில். எருக்கு இனத்தைச் சேர்ந்த இந்தச் செடிதான் என்று தெரிந்ததும், இலை விளிம்பைப் பற்றிக்கொண்டு வயிற்று நுனியை வளைத்து, இலையின் அடிப்பக்கத்தைத் தொடும். சில வினாடி வேலை. பெரும்பாலும் ஓர் இலைக்கு ஒன்று, பிறகு வேறு இடம். பின்னிறக்கை நரம்பில் ஒரு கரும்பொட்டு இருந்தால் அது ஆண். அதன் பின்னால் அலையாதீர்கள்.

பூச்சி கிளம்பும்வரை தொட்ட இலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. முட்டை சுமார் 1 மி.மீ. உயரம்தான்: குண்டூசித் தலை போல, பாலேட்டு நிறத்தில், உச்சி கூம்பி நிற்கும். 10 மடங்கு லென்ஸில் மேலிருந்து கீழாக வரிவரியாக மேடுகள் தெரியும். இந்த வரிகள்தான் அடையாளம். செடியிலிருந்து கசிந்து உறைந்த பால்துளி பலரையும் ஏமாற்றும். அதில் வரி இருக்காது. மயிரிழைக் காம்பின் நுனியில் நிற்பது லேஸ்விங் என்ற வேறொரு பூச்சியின் முட்டை. மஞ்சளாக மொய்த்திருப்பது அசுவினி, சாறு உறிஞ்சும் சிறு பூச்சி.

கேள்வி: முட்டையின் உச்சி கறுத்துவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, தெரிவது புழுவின் தலை. ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். இட்டதிலிருந்து பொரிக்க 3 முதல் 5 நாள், குளிரில் தாமதமாகும். முட்டை முழுவதுமே கறுத்திருந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி புகுந்திருக்கலாம். பொரித்த புழு முதலில் தின்பது முட்டை ஓட்டைத்தான். அதனால் ஓடு காணவில்லையே என்று பதற வேண்டாம். பக்கத்தில் இலையில் சின்னதாகப் பிறை வடிவக் கடி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: அசுவினிக்கு வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

பதில்: கூடாது. அசுவினியைக் கொல்வது புழுவையும் கொல்லும். சோப்பு நீரும் அப்படித்தான். முட்டை இல்லாத தண்டுகளில் மட்டும் விரலால் நசுக்கிவிடுங்கள். செடியின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையைக் கழுவிவிட்டு மறுவேலை. புதுச்செடி வாங்கும்போது பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேளுங்கள். சாற்றில் ஊறிய மருந்து இலையைக் கழுவினாலும் போகாது.