வாக்கெடுப்பில் 14ஆம் இடம், ஆனால் சீடிங் இல்லை: ஏன்?

வணக்கம். பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பில் 14ஆம் இடத்தில் இருந்த உங்கள் அணிக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் முதல் பிரிவு ஆண்கள் கால்பந்துத் தொடரில் முதல் 16 சீடுகளில் (தொடருக்கு முன்பே தரப்படுத்தி முன்னுரிமை தரப்படும் அணிகளில்) இடம் கிடைக்காதது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாக்கெடுப்பு தேர்வுக் குழுவின் அளவுகோல்களில் ஒன்றே அல்ல. குழு நெடுங்காலமாக முதன்மையாகப் பார்த்து வந்தது ஆர்பிஐ எனப்படும் தரமதிப்பீட்டு எண்ணை. அதில் உங்கள் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதமும், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதமும், அவற்றின் எதிரணிகளுடையதற்கு 25 சதவீதமும் மதிப்புண்டு. ஆகவே, மற்ற 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்று 14இல் தோற்ற ஓர் அணியை நீங்கள் ஐந்து கோல் வித்தியாசத்தில் வீழ்த்தினாலும், கோல் வித்தியாசம் கணக்கில் சேராது. அந்த அணியின் 12.5 சதவீத வெற்றி விகிதம் மட்டும் உங்கள் சராசரியைக் கீழே இழுக்கும். வென்றும் இறங்குவது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இழப்பும் சிறிதன்று. 48 அணிகளில் சீடு பெற்ற 16 அணிகள் முதல் சுற்றில் ஆடாமலேயே இரண்டாம் சுற்றைச் சொந்த மைதானத்தில் ஆடுகின்றன. பெண்கள் ஹாக்கியில் நிலைமை இன்னும் கடினம். மொத்தமே 18 இடங்கள், அவற்றிலும் பெரும்பகுதி கான்பரன்ஸ் (கல்லூரி அணிகளின் லீக்) சாம்பியன்களுக்கு. அடுத்த பருவத்துக்கான ஆட்ட அட்டவணை வெளியானதும், கான்பரன்ஸுக்கு வெளியே உங்கள் அணி யாருடன் மோதுகிறது என்பதை முதலில் பாருங்கள்.