விபத்து டாக்டர் வயிற்று ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நடுராத்திரியில் வயிற்றுவலி, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. இரைப்பைப் புண் ஓட்டையாகிவிட்டது என்று, தர்மபுரியில் விபத்துப் பிரிவு சர்ஜனே ஆபரேஷன் செய்தார். இப்போது தேறிவிட்டார். 'பெங்களூருக்குப் போயிருக்கணும்' என்று சொந்தக்காரர்கள் குறை சொல்கிறார்கள். தப்பு செய்துவிட்டோமா? (காரிமங்கலம் வாசகர்)

பதில்: இல்லை. சரியாகத்தான் செய்தீர்கள்.

விபத்து சர்ஜனை எலும்பு டாக்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எலும்புக்கு வேறு ஆள். இவர் படித்தது பொது அறுவை சிகிச்சை. தொப்பூர் கணவாயில் லாரி மோதி வருகிறவரின் வயிற்றைத் திறந்து, ரத்தத்தை நிறுத்தி, கிழிந்த குடலைத் தைக்கிற கை அது. ஓட்டையை அடைத்து வயிற்றைக் கழுவுவது அந்தக் கைக்குப் பழகிய வேலை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் விபத்தையும் வயிற்று அவசரத்தையும் ஒரே அணிதான் பார்க்கிறது.

இங்கே கைராசியை விட நேரம் முக்கியம். டென்மார்க்கில் 2,668 நோயாளிகளைப் பார்த்ததில், ஆபரேஷன் தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 2.4 சதவீதம் குறைந்தது. பெங்களூரு 130 கிலோமீட்டர். ஓசூர் நெரிசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கிற தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் சிலர் 'இங்கே விட்டால் போச்சு' என்று பயமுறுத்துவார்கள். கொண்டுபோய்ச் சேர்த்தால் கமிஷன். அந்தப் பேச்சைக் கேட்டு வழியிலேயே சுயநினைவு இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றுவது உண்மையிலேயே தேவையா என்று டியூட்டி சர்ஜனிடம் கேளுங்கள். போகத்தான் வேண்டும் என்றால் 108.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, நன்றாக மனதில் வையுங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம், வாய்வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு அடைப்பை நீக்குவார்கள். அந்த வசதி இருக்கிற இடத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் ஆன்டிபயாட்டிக்கும் சலைனும் ஏற்றிய பிறகே வண்டி கிளம்ப வேண்டும். கண் மஞ்சள் இல்லாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் ஸ்கேன் கேளுங்கள்.

அனுப்புகிற டாக்டர் அடுத்த மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டாலே பாதி உயிர் தப்பும். வெறும் ரெஃபர் சீட்டைக் கையில் திணித்து அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போன் போட்டாரா, அங்கே படுக்கை இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

அப்புறம், அப்பா மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரை ஏதாவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வயிற்றுப்புண் கிருமிக்கான மருந்து கொடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.