கேளுங்கள், சொல்கிறேன்: நிலாவெளியில் காணி, மாலைதீவில் வேலை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். குளிர் நாட்டில் இருப்பவர்கள் இங்கே திருகோணமலைக்கு வந்து குடியேறப் பார்க்கிறார்கள், இங்கே இருப்பவர்களோ வேறொரு வெயில் நாட்டுக்குப் போகப் பார்க்கிறார்கள். கச்சேரியில், அதாவது மாவட்ட செயலகத்தில், காணிக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் காணி என்று வந்தால் என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1990இல் உப்புவெளியை விட்டுப் போனோம், இப்போது ஸ்காபரோவில் இருக்கிறோம். எனக்கு 58 வயது, கனடியக் குடியுரிமை. மகன் இங்கேயே பிறந்தவன், மருமகள் கியூபெக்கைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளை. போன ஓகஸ்டில் திருகோணமலைக்குப் போய் மூன்று கிழமை நின்று வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் வேறு கதை இல்லை. வேலையை விட்டுவிட்டு, நிலாவெளிக் கடற்கரையில் காணி வாங்கி, ஆறு அறை கட்டி, கெஸ்ட் ஹவுஸ் நடத்திக்கொண்டு அங்கேயே இருந்துவிடப் போகிறார்களாம். வெளிநாட்டவருக்குக் காணி எழுத முடியாதாம், அதனால் என் ஒன்றுவிட்ட தம்பி தன் பேரில் வாங்கித் தருகிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: தம்பியின் பேரில் மட்டும் வேண்டாம் அக்கா. அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் அந்தக் காணி சட்டப்படி அவருடைய மனைவி பிள்ளைகளுக்குத்தான் போகும், உங்கள் மகன் கட்டிய ஆறு அறையும் அதோடு சேர்ந்தே போகும். “அது எங்கள் காசு” என்று நீதிமன்றத்தில் சொல்லப்போனால், சட்டத்தைச் சுற்றிப் போகத்தான் அப்படிச் செய்தோம் என்று உங்கள் வாயாலேயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சட்டம் இதுதான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணியை அறுதியாக வாங்க முடியாது. அதிகபட்சம் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கலாம். கம்பனி ஒன்றைப் பதிந்து அதன் பேரில் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அந்தக் கம்பனியில் பாதிப் பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் இருந்தால் அதுவும் வெளிநாட்டவர் கணக்குத்தான். அடுக்குமாடியில் வீடு வாங்க விலக்கு உண்டு, ஆனால் நிலாவெளியில் அதை வைத்து என்ன செய்வது?

உங்கள் வீட்டில் இதற்குச் சரியான ஆள் நீங்கள்தான். கனடியக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விட்டது, அதைத் திரும்பக் கேட்டு இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே அதில் ஒரு பிரிவு இருக்கிறது. கிடைத்துவிட்டால் காணிச் சட்டத்தில் நீங்கள் வெளிநாட்டவர் இல்லை, உங்கள் பேரிலேயே வாங்கலாம். பிறகு அது மகனுக்குப் போவதற்கும் வழி உண்டு, நெருங்கிய உறவுக்கு மரபுரிமையாகப் போகும் காணிக்கு அந்தச் சட்டமே இடம் விடுகிறது. மகன் பிறந்தபோது தகப்பன் இன்னும் இலங்கைக் குடிமகனாக இருந்தாரா, பிறப்பைத் தூதரகத்தில் பதிந்தீர்களா என்று பழைய ஃபைலைத் தட்டிப் பாருங்கள். பதிந்திருந்தால் மகனுக்கும் ஒரு கதவு திறக்கலாம். இதெல்லாம் நடக்கும் வரை அவர்கள் சுற்றுலா வீசாவில் வந்து நின்று கெஸ்ட் ஹவுஸ் நடத்த முடியாது, அது வேலை செய்வதாகத்தான் கணக்கு.

இனி காணி. நிலாவெளியிலும் குச்சவெளிப் பக்கத்திலும் தரகர்மார் போனில் படம் காட்டுவார்கள், படத்தில் தென்னையும் நீலக் கடலும் இருக்கும். உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்று முதலில் கேளுங்கள். பெர்மிட் காணி அரசாங்கக் காணி, பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாறக் கூடாது. “எல்லாம் சரிக்கட்டிக்கொள்ளலாம்” என்று சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துப் பதிவைச் சட்டத்தரணியை வைத்துத் தேட வேண்டும். நம்முடைய ஊரில் அந்த 30 வருடத்துக்குள் என்னவெல்லாம் நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) தன்னிடம் இருப்பதாக ஒருவர் வந்து கையெழுத்து வைக்கும் காணிகள்தான் மிகவும் ஆபத்து. அந்தச் சொந்தக்காரரோடு நேரில், இல்லாவிட்டால் வீடியோவிலாவது, கதைக்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கடற்கரை உறுதிகளில் இன்னொரு கூத்தும் உண்டு. பழைய உறுதியில் எல்லை எழுதியிருப்பார்கள்: மேற்கே வீதி, வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே கடல். கடல் எங்கே? 1964 புயலும் 2004 சுனாமியும் வருடாவருடம் வரும் வாடைக்காலமும் தின்றதும் திருப்பித் தந்ததும் போக மிச்சம் எவ்வளவு என்று நில அளவையாளர் சங்கிலி பிடித்தால்தான் தெரியும். உறுதியில் 80 பேர்ச் என்றிருக்கும், அளந்தால் வேறு கணக்கு வரும். அதில் கட்டுவது இன்னொரு கதை. உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீட்டர் வரை கரையோர வலயம், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்டக் கூடாது. வன இலாகாவோ தொல்லியல் திணைக்களமோ அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எல்லைக்கல் போட்டிருக்கிறதா என்பதையும் கிராம சேவகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் கேட்கிறேன். உப்புவெளியில் உங்களுக்கென்று ஒரு வளவு இருந்திருக்குமே, அது என்ன ஆயிற்று? மகன் வேறு காணி தேடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். வேறு யாராவது தனக்குச் சொந்தம் என்று தொடர்ந்து பத்து வருடம் ஆண்டுகொண்டிருந்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போர்க்காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்கக் கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது, ஆனால் வழக்குப் போடக் குறுகிய கெடுதான் கொடுத்தார்கள், வெளிநாட்டில் இருந்த பலர் அதைக் கேள்விப்படவே இல்லை. அதற்காக எல்லாம் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம், உறுதியின் பிரதியோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

சரி, கடைசியாக அவர்கள் பார்த்த அந்த ஓகஸ்ட். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை இங்கே கடல் குளம் மாதிரி, புறாத்தீவுக்குப் படகு நிரம்பிப் போகும், அறைக்குக் கேட்ட விலை கிடைக்கும். அவர்களை நவம்பரில் வரச் சொல்லுங்கள். வருடத்து மழையில் பெரும் பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும், கடலுக்குள் யாரும் இறங்க மாட்டார்கள், படகுகளை மேட்டில் இழுத்துக் கவிழ்த்துவைப்பார்கள், பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கும். டிசம்பரில் பூட்டிக் கிடந்த ஒரு அறையைத் திறந்து பார்த்தால் விளங்கும்: மெத்தையில் பச்சைப் பூஞ்சணம், கதவுப் பிணைச்சலில் துரு வழிந்து சுவரில் கோடு, ஏசியின் வெளிப்பெட்டியில் தகடுகளைத் தொட்டால் உப்பேறிப் பொடியாகக் கையில் வரும். நாலைந்து மாதம் வருமானம் இல்லாமல் சம்பளமும் திருத்த வேலையும் கொடுக்க வங்கியில் காசு இருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது.

ஜூனில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது மருமகள் எப்படி இருப்பாள் என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரர் வெயிலை விரும்புவார்கள்தான், ஆனால் அது கடற்கரையில் படுத்துக் கிடக்கும்போது. கொதிக்கும் காற்று நாள்முழுக்க அடிக்க, கிணற்றில் உப்பு ஏற, கரண்டும் போனால் அது வேறு. அக்கம்பக்கத்தார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், அதில் சந்தேகம் இல்லை. பிள்ளை எப்போது என்று மீன்காரர் உட்பட எல்லாரும் கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆகவே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒக்டோபர் தொடங்கி அடுத்த செப்டெம்பர் வரை இருந்து பார்க்கட்டும். அதற்குள் உங்கள் குடியுரிமை விண்ணப்பமும் ஒரு கரைக்கு வந்துவிடும்.

கேள்வி: எனக்கு 24 வயது. புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறேன், ஸ்நோர்க்லிங் காட்டுவேன், இங்கிலீஷ் சமாளிப்பேன். மாலைதீவில் ரிசோர்ட் வேலை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், முதலில் விசிட்டில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போய் அங்கேயே செற்றில் ஆகலாம் என்று பார்க்கிறேன். அம்மாதான் யோசிக்கிறா.
— பாலையூற்று வாசகர்

பதில்: வேலைக்குப் போ தம்பி, செற்றில் ஆகிற யோசனையை இங்கேயே விட்டுவிட்டுப் போ. மாலைதீவின் 2008 அரசியலமைப்பின்படி முஸ்லிம் அல்லாதவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆக முடியாது, எத்தனை வருடம் வேலை செய்தாலும் நீ ஒப்பந்தத்தில் இருக்கும் ஆள்தான். அங்கே வேறு மதத்தை வெளியில் அனுட்டிக்கவும் இடமில்லை, வழிபாட்டுச் சிலைகளைச் சுங்கத்தில் விட மாட்டார்கள். அம்மா பாசத்தில் பெட்டிக்குள் ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்துவிடப் போகிறா, சொல்லி வை.

அந்த “விசிட்டில் போ” ஆளை நம்பாதே. அங்கே இறங்கினதும் 30 நாள் சுற்றுலா வீசா யாருக்கும் கொடுப்பார்கள், அதில் வேலை செய்தால் சட்டவிரோதம், சம்பளம் தராவிட்டால் போய் முறையிட இடம் இருக்காது. வேலை அனுமதியை எடுப்பது முதலாளியின் பொறுப்பு, அது கையில் வந்த பிறகுதான் விமானம். முகவருக்கு உரிமம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறாரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989க்கு அழைத்துக் கேள், போக முன் அங்கே பதிந்துகொள்.

உனக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அவர்களுக்குக் கூட்டம் நிரம்பும் காலம் டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை, நமக்கு ஏப்ரலில்தான் தொடங்கும். அதனால் வாடைக்கு இங்கே படகைக் கவிழ்க்கிற நேரத்தில் அங்கே உன்னைப் போன்றவர்களைத் தேடுவார்கள். வெறும் அனுபவத்தைவிடச் சுழியோடிச் சான்றிதழ் ஒன்று இருந்தால் சம்பளமே வேறு, இந்த சீசன் காசில் அதை எடுத்துவிடு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் படிப்பிக்கிறார்கள்.

கேள்வி: தமிழ் பேசி, கோயில் குளத்தோடு வாழக்கூடிய வேறு வெப்ப நாடு ஏதாவது இருக்கிறதா? மொரீசியஸ், சீசெல்ஸ் என்கிறார்களே?
— ஆசிரியை, மூதூர்

பதில்: கோயில் இருக்கிறது ரீச்சர். மொரீசியஸில் தைப்பூசக் காவடிக்கு அரச விடுமுறை, ரூபாய் நோட்டிலே தமிழ் எழுத்தும் இருக்கிறது. சீசெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. ஆனால் மொரீசியஸ் தமிழரில் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது கிரியோல், தேவாரம் பாடுவார்கள், சந்தையில் தமிழில் விலை கேட்டால் சிரிப்பார்கள். தமிழில் பேசி வெயிலில் வாழ மூதூரே போதும் என்பது என் அபிப்பிராயம், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கேள்வி: சுவிஸில் ஓய்வு பெற்றுவிட்டேன், சுவிஸ் கடவுச்சீட்டு. இரட்டைக் குடியுரிமைக்கு அலைய மனமில்லை. ஊரில் வந்து இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு வதிவிட வீசாத் திட்டம் உண்டு, இங்கே வங்கியில் டொலர் வைப்பும் மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து வரும் காசும் காட்ட வேண்டும். தொகையை அவ்வப்போது மாற்றுவார்கள், குடிவரவுத் திணைக்களத்தில் கேளுங்கள், ஃபேஸ்புக்கில் கேட்காதீர்கள். இதயத்துக்கோ வேறெதற்கோ தொடர்ந்து பெரிய டொக்டரைப் பார்க்கிறவர் என்றால் ஒன்று யோசியுங்கள்: பெரிய சிகிச்சை என்றதும் நம் ஊரில் இருந்து கண்டிக்கோ கொழும்புக்கோதான் ஓட வேண்டியிருக்கிறது, கொழும்பு 260 கிலோமீட்டர்.

கேள்வி: மொன்றியலில் இருந்து வீட்டுச் சாமானைக் கப்பலில் போட்டு நேரே திருகோணமலைத் துறைமுகத்தில் இறக்கலாமா? எதைக் கொண்டுவரலாம்?

பதில்: உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்தினாலும், இங்கே வருவது கோதுமை, எண்ணெய், சீமெந்துக்கு வேண்டிய சாமான், இப்படித்தான். உங்கள் கொள்கலன் கொழும்பில் இறங்கி லொறியில் கந்தளாய் வழியாக வரும். வோஷிங் மெஷின், மிக்ஸி எல்லாவற்றையும் அங்கேயே விற்றுவிடுங்கள், அங்கே 120 வோல்ட், இங்கே 230. தோல் சோபா முதல் மாரியிலேயே பூஞ்சணம் பூத்துவிடும். காரை நினைக்கவே வேண்டாம், ஸ்டியரிங் மறுபக்கம். துருப்பிடிக்காத எஃகில் நல்ல பிணைச்சலும் திருகாணியும் கிடைத்தால் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவாருங்கள், அப்படியே எனக்கும் ஒரு கைப்பிடி.