ஆறு நாள் வேலையை ஐந்தாக்கினால் பட்டறைக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: ஓசூரில் 12 தொழிலாளர்களுடன் சி.என்.சி. பட்டறை (கணினி இயக்கும் எந்திரங்களில் உலோகப் பாகங்கள் கடையும் பட்டறை) நடத்துகிறேன். பாதிப்பேர் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆட்கள். சம்பளத்தைக் குறைக்காமல் சனிக்கிழமை விடுமுறை கேட்கிறார்கள். கொடுத்தால் நஷ்டம் வருமா?

பதில்: காகிதத்தில் பார்த்தால் வரும். 12 பேர் ஆறு நாள் வந்தால் வாரத்துக்கு 72 ஆள்நாள். ஐந்து நாள் என்றால் 60. ஒரு மணி நேரத்துக்கான கூலி 20 சதவீதம் ஏறிவிடும். பலர் இந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். அது தவறு. வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். 72 ஆள்நாள் உண்மையில் கிடைக்கிறதா? கடலை விதைப்பு, மாரியம்மன் பண்டிகை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் வராமல் எந்திரம் நின்ற நாட்களைக் கழியுங்கள். சராசரி 65 என்றால், சொந்த வேலைகளை விடுமுறை நாளில் முடித்துக்கொண்டு மற்ற ஐந்து நாளும் தவறாமல் வந்தால், நீங்கள் இழக்கப்போவது 12 அல்ல, 5.

பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் சம்பளக் குறைப்பின்றி வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தன. 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. வேலையை விட்டுப் போகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அலுவலக வேலை. கூட்டங்களைக் குறைத்து அங்கே நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். உங்கள் எந்திரம் ஒரு பீஸுக்கு நான்கு நிமிடம் எடுத்தால், ஆள் எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் நான்கு நிமிடம்தான். உங்களுக்கு மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை ஓர் ஆபரேட்டரின் பக்கத்தில் நின்று பாருங்கள். தேய்ந்த இன்சர்ட்டை (உலோகத்தை வெட்டும் முனையை) மாற்றச் சோம்பி, இன்னும் பத்துப் பீஸ்தானே என்று ஓட்டுவார். சில பீஸ்கள் பிசிறோடு, அளவு தப்பி விழும். அன்றைய கழிவை மட்டும் ஒரு மாதம் தனியாக எடை போட்டு வையுங்கள்.

பட்டறையை முழுதாக மூடாதீர்கள். எந்திரத்தின் வங்கித் தவணைக்கும் மின்வாரியத்தின் நிலைக் கட்டணத்துக்கும் விடுமுறை கிடையாது. ஆறு பேருக்குச் சனி, ஆறு பேருக்குத் திங்கள் என்று பிரித்துக் கொடுங்கள். செட்டிங் (அடுத்த வேலைக்கு எந்திரத்தைத் தயார்செய்வது), எண்ணெய் மாற்றும் வேலைகளை அந்த இரு நாட்களுக்கு ஒதுக்குங்கள்.

நேரத்தைக் குறைக்காமல், 48 மணி நேரத்தை நான்கு நாளில் திணிக்கும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை 2023இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றியும், எதிர்ப்பால் அரசே திரும்பப் பெற்றது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் பென்னாகரம் பஸ் ஏறுபவர் மறுநாள் எப்படி அளவு பார்ப்பார்?

மூன்று மாதம் சோதனை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அவசர ஆர்டருக்காக விடுமுறை நாளில் அழைத்தால் தனிக் கூலி உண்டு என்பதையும் அதிலேயே சேருங்கள். வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டினால் சட்டப்படி இரட்டைக் கூலி. சரக்கு வாங்கும் கம்பெனிக்கு டெலிவரி நாள் மாற்றத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.