வாய்க்கா கரை யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்க தெருவுக்குப் பின்னாடி பாளையங்கால்வாய் போகுது. கரை பூராவும் புதரும் குப்பையுமா கெடக்கு. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் சுவர் கட்டி டைல்ஸ் போட்டு பார்க் ஆக்கணும்னு தெருக்காரங்க எல்லாரும் சேந்து மனு எழுதியிருக்கோம். நீங்களும் ஆதரிச்சு நாலு வார்த்தை எழுதுங்க.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எழுதுதேன் தங்கச்சி, ஆனா உங்க மனுவுல பாதியத்தான் ஆதரிப்பேன். குப்பைய அள்ளணும், வீட்டுக் கழிவுத் தண்ணிய வாய்க்காலுக்குள்ள விடுற குழாய அடைக்கணும், அமலைச்செடிய, அதான் ஆகாயத்தாமரைய, எடுக்கணும், சீமைக்கருவேலையும் போகட்டும், இதுல எல்லாம் உங்க கூடவே நிக்கேன். சுவரும் டைல்ஸும்தான் வேண்டாங்கேன்.

புதர்னு நீங்க சொல்லுறதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாள் காலைல எதிர்க்கரைல நின்னு பாருங்க. மீன்கொத்தி கூடு கட்ட மரத்துக்குப் போகாது, செங்குத்தா நிக்கிற மண் கரைல அலகால கொத்திக் கொத்தி உள்ள ஒரு கை நீளத்துக்குப் பொந்து போட்டு அதோட கடைசிலதான் முட்டை வைக்கும். அந்த வட்டமான ஓட்டைக்குக் கீழ வெள்ளையா எச்சம் வழிஞ்சிருந்தா உள்ள குஞ்சு இருக்குன்னு அர்த்தம். கான்கிரீட் சுவர்ல அது எங்க போய் கொத்தும்? தண்ணிக்கு மேல சாஞ்சு நிக்கிற கிளைலயும் நாணல்லயும்தான் தூக்கணாங்குருவி கூடு தொங்கும், பாம்பும் பூனையும் லேசுல எட்டாதுல்லா. நாணல் வேர் கரை மண்ணையும் இறுக்கிப் பிடிச்சிருக்கும், அந்த நாணல வெட்டி எடுத்துட்டு அப்புறம் கரை உடையுதுன்னு அழுதா என்ன பண்ண?

பழவூர் அணைக்கட்டுல பிரிஞ்சு மேலப்பாளையம், பாளைன்னு ஊருக்குள்ளயே ஓடி வழில குளத்தையும் வயலையும் நனைச்சுட்டுப் போற வாய்க்கா இது. 2023 டிசம்பர் 17, 18ல திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே வெள்ளத்துல முங்கிக் கெடந்தத நாமதான பாத்தோம், தண்ணி விரிஞ்சு போக இடம் வேணும், அந்த இடத்தையும் சேத்து பார்க்னு கட்டிட்டா அடுத்த மழைக்கு அது எங்க போகும், உங்க வாசலுக்குத்தான் வரும்.

மனுஷனுக்கு இடமே வேண்டாம்னு நான் சொல்லல. வீடுக இருக்குற வெளிப்பக்கமா மண் பாதை போடச் சொல்லுங்க, புங்கன், மருதம், நாவல்னு வச்சு நிழல்ல நாலு பெஞ்ச் போடட்டும், தண்ணிக்கு இறங்க ஒரு படித்துறை போதும். சென்னைல அடையாறு க்ரீக் ஓரமா கட்டட இடிபாடு கொட்டிக் கெடந்த 58 ஏக்கர சரி பண்ணி தொல்காப்பியப் பூங்கான்னு 2011 ஜனவரில தெறந்தாவ. தண்ணியும் நாணலும் பறவைக்கு, ஓரமா நடைபாதை மனுஷனுக்குன்னு பிரிச்சு வச்சதோட, எல்லாரையும் எப்பவும் உள்ள விடாம முன்பதிவு பண்ணி வாரவங்களத்தான் கூட்டிட்டுப் போனாவ. இயற்கை வேணும், நாம போய் உக்காரவும் இடம் வேணும்னா இப்படித்தான் தனித்தனியா பிரிக்கணும், மனுவ அப்படி மாத்தி எழுதுங்க, முதல் கையெழுத்து நான் போடுதேன்.

கேள்வி: கரைல ராத்திரி வாக்கிங் போக பெரிய லைட்டு கேக்கலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: பாதைக்கு லைட்டு கண்டிப்பா வேணும், பொம்பளப் பிள்ளைக பயமில்லாம நடக்கணும்ல. ஆனா உசரக் கம்பத்துல ஊரையே வெளிச்சமாக்குற ஹைமாஸ்ட் வேண்டாம். பாதைய மட்டும் பாத்துக் குனிஞ்ச மாதிரி சின்ன விளக்கு போதும், தண்ணியும் பறவை அடைஞ்சிருக்க மரமும் இருட்டாவே இருக்கட்டும்.

கேள்வி: நயினார்குளத்துல பறவை பாக்க எப்பப் போகணும்? பிள்ளைகளக் கூட்டிட்டுப் போலாமா?
– வாசகர், டவுன்

பதில்: தாராளமா. நம்ம ஊர்ல காய்கறி மார்க்கெட்டு சத்தத்துக்குப் பக்கத்துலயே கூழைக்கடா நீந்துறத பாக்க முடியுதுன்னா அது எவ்வளவு பெரிய பாக்கியம்! ஜனவரி, பிப்ரவரி நல்ல சமயம், குளத்துல தண்ணியும் இருக்கும், வெளியூர்ல இருந்து வலசை வார பறவையும் இருக்கும். விடியக்காலைல போங்க, கரை மரத்துல ராத்திரி தங்குன நீர்க்காகம் எல்லாம் கிளம்புற நேரம். மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்காரவ 2011ல இருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவை கணக்கெடுக்காவ, அதுக்கு ஆர்வம் இருக்கவங்களயும் சேத்துக்கிடுவாவ, பிள்ளைகளுக்கு அதவிட நல்ல பள்ளிக்கூடம் கெடையாது. பட்டாசும் ஸ்பீக்கரும் மட்டும் கொண்டு போகாதிய. பறவை சரணாலயம் இருக்குற கூந்தன்குளத்து ஜனங்க பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடுறதில்ல.

கேள்வி: நாங்க பிளாட் வாங்கும்போது ஓடையை ஒட்டி ‘பூங்கா’ன்னு மேப்புல காட்டுனாங்க. இப்ப அங்க ஒருத்தர் வேலி போட்டுட்டாரு. யார்கிட்ட போக?
– வாசகர், கேடிசி நகர்

பதில்: முதல்ல வேலி போட்டது ஓடை இடத்துலயா, பூங்கா இடத்துலயான்னு பாருங்க. ஓடைன்னா அரசு புறம்போக்கு, தாலுகா ஆபீஸ்ல நிலம் யாரு பேர்லன்னு காட்டுற அ-பதிவேடும், அளவும் எல்லையும் காட்டுற புலப்படமும் எடுத்தா சர்வே நம்பரோட தெரிஞ்சிரும். பூங்கா இடம்னா கதை வேற: லே-அவுட் 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமாரா ரெண்டரை ஏக்கருக்கு மேல போனா, ரோடு நீங்கலா 10 சதவீதத்த பொது இடமா உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் போட்டுக் குடுத்தே ஆகணும். குடுத்த பிறகு அது லே-அவுட் போட்டவருக்கும் சொந்தமில்ல, வேலி போட்டவருக்கும் சொந்தமில்ல. அதனால அங்கீகாரம் வாங்குன லே-அவுட் மேப்போட நகலையும் தானப் பத்திரத்து நகலையும் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாளைக்குள்ள பதில் தரணும். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாத்துருங்க. எல்லாம் கைக்கு வந்ததும் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல தெருக்காரங்க நாலஞ்சு பேராப் போய் மனு குடுங்க, வேலிய போட்டோ எடுத்து கூட வைங்க, மனு ரசீத வாங்காம வெளிய வந்துராதிய.