உலக வழக்கத்தோடு ஒத்துப்போகாமல் கிறிஸ்தவனாக வாழ முடியுமா? சொந்தக்காரர்கள் எல்லாரும் வேறு மதம்.

நீங்கள் கேட்டது இந்த இரண்டு வரிதான். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன், தப்பாக இருந்தால் மன்னியுங்கள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் விசுவாசி. காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, திவசம் என்று ஊரிலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்கும். போனால் சபையில் கேள்வி வரும், போகாவிட்டால் பெரியம்மா பேசமாட்டார்.

நானும் அங்கே நின்றவன்தான். எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். அம்மா முதலில் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். பன்னிரண்டு வயதில் அவர் பின்னாலேயே நானும் போனேன். எலத்தகிரி, கோவிலூர் மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் இருக்கிற ஊர் இல்லை எங்களுடையது. முழு ஊருக்கும் நாங்கள் ஒரு வீடுதான்.

எங்கள் சபையில் உலகத்தைவிட்டுப் 'பிரிந்து வாழ்வது' என்றால் கம்மலைக் கழற்றுவது, பூ, பொட்டு வைக்காமல் இருப்பது, சினிமா பார்க்காமல் இருப்பது. இதை நான் குறை சொல்லவில்லை. என் மனைவி இன்றுவரை நகை போடுவதில்லை, அவள் முழு மனதோடு எடுத்த முடிவு அது. எனக்கு அதைவிடப் பெரிய அடையாளமாக இருந்தது தலைக்கட்டு வரி. பண்டிகைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் வரி போடுவார்கள். கல்யாணமான வருஷம் நான் கூட்டத்தின் நடுவில் நின்று, "பள்ளிக்கூடச் சுவருக்குக் கேளுங்க, தரேன். இதுக்குத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை. சபையில் என்னைச் சாட்சி சொல்ல, அதாவது என் விசுவாச அனுபவத்தை எல்லார் முன்னாலும் சொல்ல, கூப்பிட்டார்கள். "ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள், ரோமர் 12:2 இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், அதாவது உலகம் போகிற போக்கில் போகாமல் என்கிறது" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன்.

அப்போது என் பிழைப்பு புளி. 1998. கிருஷ்ணகிரி இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை, 2004-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. நகரத்தில் ஒரு மண்டியில் ஓட்டோடு புளியை மூட்டையாக எடுத்துவந்து, எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பேன். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டித் திரும்பத் தருவார்கள். புளியங்காயில் சதை ஏறக்குறைய 55 பங்கு, கொட்டை 34, ஓடும் நாரும் 11. அதனால் 30 கிலோ கொடுத்தால் 16 கிலோ சுத்தப் புளி வரவேண்டும் என்பது கணக்கு. கூலி கிலோவுக்கு ஒன்றே கால் ரூபாய், ஆக 20 ரூபாய். புளி குறைந்தால் குறைந்ததைச் சந்தை விலைக்குக் கூலியில் பிடிப்போம்.

என்னிடம் இரண்டு ஐந்து கிலோ கல் இருந்தது. ஒன்று நல்ல கல். இன்னொன்று அடியில் குடைந்து ஈயத்தை எடுத்தது, நாலேமுக்கால் கிலோதான் நிற்கும். கொடுக்கும்போது குடைந்த கல், வாங்கும்போது நல்ல கல். நான் குடைந்ததில்லை, மண்டியில் வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. "எல்லா ஊர்லயும் இப்படித்தான், காய்ஞ்சு குறையறத நாம எங்க போயி ஈடு கட்டறது" என்றார் முதலாளி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆறு நிறுவை போட்டால் 30 என்று நோட்டில் ஏறும், மூட்டையில் இருப்பது இருபத்தெட்டரை. எவ்வளவு கவனமாகத் தட்டினாலும் பதினாறு வராது. அரைக் கிலோ குறையும். அப்போதைய விலைக்கு அது பத்து ரூபாய், பாதிக் கூலி. நாள் முழுக்கப் புளி தட்டினால் விரல் நுனி கறுத்து வெடித்துப்போகும், பார்த்திருக்கிறீர்களா?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாலு வீடு தள்ளியிருந்த ஆயா ஒருவர் தன் வாசலுக்கு என்னைக் கூப்பிட்டார். மூன்று சாக்கு வைத்திருந்தார். ஒன்றில் புளி, ஒன்றில் கொட்டை, ஒன்றில் ஓடும் நாரும். "மூணையும் சேத்து எட போடு கண்ணு" என்றார். என்னிடமிருந்த நல்ல கல்லை வைத்தே போட்டேன். இருபத்தெட்டேகால். "காய்ஞ்சிருக்கும் ஆயா" என்றேன், வாய் தானாகச் சொன்னது. "நீ குடுத்த அன்னைக்கே மூட்டைய பிரிக்காம மளிகைக்கடைத் தராசுல போட்டேன். இருபத்தெட்டரை. காஞ்சது கால் கிலோதான்" என்றார்.

சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடவும் இல்லை. "மாரியம்மனுக்கு வரி குடுக்கமாட்டேன்னு கூட்டத்துல நின்னு சொன்ன. அது உன் சாமிக்கும் உனக்கும். எனக்குக் குடுக்க வேண்டியத குடுத்துடு."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. நீதிமொழிகள் 11:1 எனக்கு மனப்பாடம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த வசனம். 'சுமுத்திரையான நிறைகல்' என்றால் குறைவில்லாத, சரியான எடைக்கல் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறேன். பையில் பெரிதும் சிறிதுமாகப் பலவிதக் கற்களை வைத்திருக்காதே என்று உபாகமம் 25-இல் இருக்கிறது. என் பையில் அப்படியே இரண்டு கல்.

ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நான் பிரிந்து நின்றேன். தராசில் எல்லாரோடும் ஒத்துத்தான் போனேன். சொல்லப்போனால் ஊரைவிட மோசம், அந்த ஆயா எந்த வசனமும் படிக்காமலேயே யாரையும் ஏமாற்றாமல் இருந்தவர்.

மறுநாள் ஆராதனைக்குப் போகவில்லை. நோட்டை எடுத்து, பதினோரு பெண்களுக்கு இரண்டு சீசனில் பிடித்ததையெல்லாம் கணக்குப் போட்டேன். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வரி வசூலித்த சகேயு இயேசுவிடம் சொன்னதாக லூக்கா 19-இல் இருக்கிறது. என்னால் நாலு மடங்கு முடியவில்லை. ஒரு மடங்குக்கே கறவை மாட்டை விற்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மனைவி அழுதாள். குடைந்த கல்லை மண்டியிலேயே கொண்டுபோய் வைத்தேன். அங்கேதான் இன்னொன்று தெரிந்தது: நல்ல கல்லில் கொடுத்தால் என் கணக்கே நிற்காது, ஏனென்றால் எனக்கும் அவர்கள் குறைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து எனக்குச் சரக்கு இல்லை.

'அப்புறம் கர்த்தர் இரட்டிப்பாகத் தந்தார், இல்லையா?' என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள். தரவில்லை. கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலைக்குப் போனேன், மாங்காய் சீசனில் லோடு ஏற்றினேன். ஆறு வருஷம் கடன். நேர்மையாக இருந்தால் பணம் வரும் என்று பிரசங்கம் செய்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதுவும் உலகத்தின் கணக்குதான். 'வேலைக்குப் போற இடத்துல இதையெல்லாம் பார்த்தா பொழைக்க முடியுமா' என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நான் யாரையும் நியாயந்தீர்க்கவில்லை, என் பையிலிருந்த கல்லைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

மகளுக்கு வரன் பார்த்தபோது ஒரு விசுவாசி வீட்டார் வந்தார்கள். "நாங்க நகை போடமாட்டோம், வேதத்துக்கு விரோதம். அந்த இருபது பவுனுக்கு உண்டானதைக் கையில குடுத்துடுங்க" என்றார்கள். 1961-லிருந்து வரதட்சணைக்குத் தடைச் சட்டம் இருக்கிறது, அதை விடுங்கள், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். எழுந்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

     

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பண்டிகை வீட்டுக்குப் போகலாமா? கத்தோலிக்க நண்பர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டது: இரண்டாம் நூற்றாண்டில் தியோக்னேத்து என்பவருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஊராலோ பேச்சாலோ உடையாலோ மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை, ஆனால் பெற்ற பிள்ளைகளைத் தூக்கி எறிவதில்லை என்று இருக்கிறதாம். எனக்கு அது பிடித்தது. யோவான் 17-இலும் சீஷர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும்படி இயேசு கேட்கவில்லை, தீமையிலிருந்து காக்கும்படிதான் கேட்டார். வரி இன்றும் நான் கொடுப்பதில்லை. ஆனால் அதைச் சாட்சியாகச் சொல்வதில்லை.

அந்த ஆயா 2009-இல் இறந்தார். சாவு வீட்டுக்குப் போகாதே, சடங்கெல்லாம் இருக்கும் என்று சபையில் ஒரு மூப்பர் சொன்னார். போனேன். பாடைக்குத் தோள் கொடுத்தேன். சுடுகாட்டில் வாய்க்கரிசி போடும் வரிசை வந்தபோது தள்ளி நின்றேன். ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "அண்ணன விடுங்க, அவரு நிக்கட்டும்" என்றான் ஆயாவின் பேரன். எல்லாம் முடிகிறவரை நின்றேன்.